வாங்கின மாவு

கடையில் வாங்கின மாவை வெட்டி, மேலே சர்க்கரையைத் தூவி, சூட்டில் வைத்து எடுத்துவிட்டு "நான் செய்தேன்" என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். என் மனைவிக்கு அந்தத் துணிச்சல் தேயிலை விலை விழுந்த காலத்தில் வந்தது. அந்தப் பண்டத்தின் மேல் எனக்கு அன்றைக்கும் மரியாதை இல்லை, இன்றைக்கும் பெரிதாக இல்லை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

குன்னூருக்கும் கேத்திக்கும் நடுவில் ஒரு தேயிலை பேக்டரியில் நான் டீமேக்கராகப் பத்தொன்பது வருஷம் இருந்தேன். டீமேக்கர் என்றால் பாய்லர் பக்கத்தில் நின்று டீ ஆற்றுகிறவன் என்று கீழ்நாட்டில் நினைக்கிறார்கள். திருத்தித் திருத்திச் சலித்துப்போய் விட்டுவிட்டேன். வந்து இறங்கும் பச்சை இலை தூளாகிச் சாக்கில் ஏறும்வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறுப்பாளிதான் டீமேக்கர். எங்களுடையது சொந்தத் தோட்டம் இல்லாத, இலை வாங்கும் பேக்டரி. கேரட்டையும் உருளைக்கிழங்கையும் விட்டுவிட்டுத் தேயிலைக்கு மாறிய சின்ன விவசாயிகள் கொண்டுவந்து போடுவார்கள். நாங்கள் வாங்கி, வாட்டி, நறுக்கி, காயவைத்து, எங்கள் பேரைப் போட்டு ஏலத்துக்கு அனுப்புவோம்.

இதில் வாட்டுவதுதான் முக்கியம். நீளத் தொட்டிகளில் இலையைப் பரப்பிக் கீழிருந்து காற்றை ஊதவிட வேண்டும். இலையிலுள்ள தண்ணீர் அளவாக இறங்கி, கையில் பிடித்தால் துணியைப் போல மடங்க வேண்டும். ஈர இலையை மெஷினில் விட்டால் கூழாகும், தூளுக்கு உயிரிருக்காது. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தையே "ஈரத்த மெசினுக்குள்ள உட்டுறாத" என்பதுதான்.

அடுத்தது ருசி பார்ப்பது. தினமும் காலையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகளில் முந்தின நாள் தூளின் சாறு இருக்கும். கரண்டியில் எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, வாளியில் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. விழுங்குகிறவனுக்கு நாலாவது கோப்பையில் நாக்கு மரத்துப்போகும். உறிஞ்சிய நொடியில் குறையைச் சொல்வேன். புகை நாற்றம், வாட்டம் பத்தவில்லை, அதிகம் வெந்துவிட்டது. நிறையைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

விலை விழுந்த வருஷங்களில் இலைக்குக் கிடைத்தது பறிக்கிற கூலிக்கே காணவில்லை. கொழுந்து பார்த்துக் கையால் பறித்தவர்கள் அரிவாளை எடுத்தார்கள். செடியை மொட்டையடித்து, தண்டும் முற்றலும் காயுமாகச் சாக்கில் திணித்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். கேட்டால் இந்த விலைக்கு இது போதும் என்றார்கள். முதலாளியைக் கேட்டால், பக்கத்து பேக்டரிக்காரன் வாங்குகிறான், நாமும் வாங்குவோம் என்றார். குப்பையை வாங்கி அரைத்தால் குப்பைதான் வரும். அதை ஏலத்தில் எடுக்க ஆளில்லை என்று ஒப்பாரி வேறு. விலை கேட்டு விவசாயிகள் ஊர் ஊராகத் திரண்டு ரோட்டில் உட்கார்ந்தபோது நான் போகவில்லை. விவசாயி, முதலாளி, வியாபாரி, சர்க்கார் எல்லோரையும் ஒரே அளவுக்கு மட்டமாக நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை பேக்டரி கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். அன்றைக்கு என்னைத் தவிர எல்லோருடைய தப்பும் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

எங்கள் மகன் அதற்கு முன்பே திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தான். மலையிலிருந்து அப்போது ஊர் ஊராக அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டுச் சொன்னான்.

"அப்பா, செக்கிங்ல உங்களுக்கு எடம் சொல்லி வெச்சிருக்கேன். ஒண்ணாந் தேதிக்குள்ள வந்தர்ணும். இல்லீன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

நான் சரி என்றேன். திருப்பூரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. ஆனால் குன்னூரைப் பற்றியும் இல்லாமல் போயிருந்தது. என் மனைவிக்குத்தான் அது முடியாத காரியம். அவள் குன்னூரில் பிறந்தவள். மகனைப் பார்க்க ஒரு சித்திரையில் நான்கு நாள் போனபோது கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்து, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அந்த ஒற்றை அறையின் சிமெண்டுத் தரையில் படுத்தே கிடந்தாள். திரும்பி வருகிற பஸ் பர்லியார் தாண்டிக் குளிர்காற்று அடித்ததும் அழுதாள்.

"அங்க எனக்கு மூச்சே வரதில்லீங்க. இங்கயே இருக்கறதுக்கு ஒரு வழி பண்ணிப் பாக்கறனுங்க. ஒண்ணாந் தேதி வரைக்கும் டைம் குடுங்க" என்றாள் இப்போது.

அவள் கண்டுபிடித்த வழி, ஒரு வாரப் பத்திரிகையின் சமையல் இணைப்பில் இருந்தது. சுலபமான பட்டைச் சர்க்கரைப் பேஸ்ட்ரி. கீழே சின்ன எழுத்தில், எந்த முன் அனுபவமும் தேவையில்லை என்று போட்டிருந்தார்கள். அதை நான் சத்தம் போட்டு இரண்டு தடவை வாசித்தேன். அனுபவம் தேவையில்லை என்பதை ஒரு பெருமையாக அச்சடிக்கிற காலம் வந்துவிட்டது என்று சொன்னேன். அவள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினாள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பேக்கரியில் பஃப்ஸுக்கான மாவை விடியற்காலையில் போடுவார்கள். மாவையும் கொழுப்பையும் மடித்து, தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி மடித்து, அடுக்கடுக்காகப் பலகை போலச் செய்து வைப்பார்கள். கஷ்டம் முழுவதும் அந்த மடிப்பில்தான் இருக்கிறது. என் மனைவி அதைக் காசு கொடுத்துப் பாலிதீன் தாளில் சுற்றி வாங்கிவருவாள். வந்து செய்வது என்ன? மாவை விரிப்பாள். பட்டையைச் சர்க்கரையோடு மிக்ஸியில் அரைத்துத் தூவுவாள். ஒரு மடிப்பு மடித்து, நீளநீளமாக வெட்டி, ஒவ்வொன்றையும் முறுக்கி வைப்பாள். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து, பரண்மேல் கிடந்த வட்ட அலுமினிய ஓவன் ஒன்று இருந்தது. மூடியில் கண்ணாடி வைத்தது. அதில் ஒரு தடவைக்கு ஆறுதான் வேகும். சாயங்காலம் கரண்ட் மங்கினால் அதுவும் வேகாது.

பட்டை என்பது குருமாவுக்குப் போடுவது. அதைச் சர்க்கரையோடு சேர்த்தால் வீடு முழுக்க யாரோ பிரியாணிக்குப் பாகு காய்ச்சுகிற வாசனை வந்தது. அதையும் சொன்னேன்.

முதல் ஈடு ஆறியதும் ஒரு தட்டில் இரண்டை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, இத ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க. உங்க நாக்குக்குத் தெரியாததா."

நான் கடித்தேன். மென்றேன். வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு வாஷ்பேசினுக்குப் போய்த் துப்பினேன். யோசித்துச் செய்யவில்லை. ருசி பார்க்கச் சொன்னால் என் உடம்புக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"பட்டை தூக்கல். அடி வேகல" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பேசினைப் பார்த்தாள். போய்க் குழாயைத் திறந்து, நான் துப்பியதைக் கையால் தள்ளிக் கழுவிவிட்டாள்.

"அடுக்கு எப்படி இருக்குதுங்க? நல்லாப் பிரிஞ்சு வந்திருக்குதுல்லீங்க" என்று குழாயைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அடுக்கு உன்னுதா? பேக்கரிக்காரன் மடிச்ச மடிப்பு அது. நீ அதுல என்ன பண்ணின? வாங்கின மாவுல சர்க்கரையத் தூவுனா அது உன்னுது ஆயிருமா?"

அப்போதுதான் அவள் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்களும் பத்தொம்பது வருசமா வாங்குன இலையிலதானுங்களே டீ பண்ணுனீங்க. செடி நீங்களா வெச்சீங்க? களை நீங்களா எடுத்தீங்க? சாக்கு மேல உங்க பேக்டரி பேரத்தானுங்களே போட்டீங்க."

நான் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனேன். ரயில்வே கேட் வரைக்கும் நடந்தேன். இலையை வாட்டுவதும் மாவில் சர்க்கரை தூவுவதும் ஒன்றா என்று வழி நெடுக மனதுக்குள் விவாதம் செய்தேன். எதிரில் ஆளில்லாததால் எல்லா விவாதத்திலும் ஜெயித்தேன். வீட்டுக்கு வந்தபோது அடுத்த ஆறை ஓவனில் வைத்திருந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் தேறினாள். பட்டையைக் குறைத்தாள். அடியில் வேகாததற்குத் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் வைத்து வேகவிடக் கண்டுபிடித்தாள். மாவு எவ்வளவுக்கெவ்வளவு சில்லென்று இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு எழும்புகிறது என்று தெரிந்துகொண்டு, விடிகாலையில் வாங்கிவந்து, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்தாள். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. எங்கள் தெருவிலேயே ஒன்றிரண்டு பேரிடம்தான் இருந்தது. ஊரே பிரிட்ஜுக்குள் இருக்கிறது, தனியாக ஒன்று எதற்கு என்று பெருமை பேசுகிறவர்களில் நானும் ஒருவன். பத்து நாளில் அந்த முறுக்கல் பொன்னிறமாக, தொட்டால் உதிர்கிற மாதிரி வர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்தில் நின்று வாசம் பிடித்தார்கள். நான் அதற்குப் பிறகு ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வேலை போய், என் நாக்குக்குக் கேள்வி இல்லாமல் போன அதே மாதத்தில், அனுபவம் தேவையில்லாத ஒன்றை வைத்து அவள் மேலே வருகிறாளே என்று இருந்தது.

அவளுக்கு ஒரு இடமும் கிடைத்திருந்தது. மேல் குன்னூரில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றை, பெரிய நகரத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் வாங்கி விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தார். என் மனைவி அங்கே திரைச்சீலை தைத்துக் கொடுக்கப் போவாள். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிட வேண்டும். அந்த மேடத்தைப் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதலாம். சுற்றிலும் தேயிலைக் காடு. ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் செடி. விருந்தினருக்கோ எங்கேயோ அடைத்த நூல் கட்டின டீப் பையைச் சுடுதண்ணீரில் முக்கிக் கொடுப்பார்கள். சுவரில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். விலை விழுந்து, அந்த மாதிரிப் பெண்கள் வேலை தேடி மலையிறங்கிக்கொண்டிருந்ததை யாராவது அவரிடம் சொன்னார்களோ என்னவோ.

சீசனுக்கு வருகிறவர்களுக்கு நாலு மணி டீயோடு வைக்க, வீட்டில் செய்த பண்டம் ஏதாவது வேண்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை ஒரு டப்பா கொண்டு வா, பிடித்திருந்தால் சீசன் முடிகிறவரை தினமும் நீதான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு பக்கத்து விடுதிகளும் கேட்கும் என்று ஆசை காட்டியிருக்கிறார். ஒண்ணாந் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

"இது அமைஞ்சுதுன்னா நாம போக வேண்டாமுங்க. பையன்கிட்ட நானே பேசிக்கறேன்" என்றாள். அவளுடைய முகத்தை அவ்வளவு வெளிச்சமாக நான் பார்த்து நாளாகியிருந்தது.

சனிக்கிழமை விடியுமுன் போய் மாவை வாங்கிவந்தாள். அடுப்பங்கரையில் வெயில் படாத மூலையில், கல் மேடையின்மேல் வைத்தாள். சர்க்கரை அரைத்தாகிவிட்டது. ஓவனைத் துடைத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. முன்னறைத் திரைச்சீலையின் தையல் விட்டுப்போயிற்று, விருந்தினர் வருவதற்குள் வந்து போட்டுக் கொடுக்க வேண்டுமாம். போகாமல் இருக்க முடியாது.

"பதினோரு மணிக்குள்ள வந்தர்றனுங்க. மாவு மூலையில இருக்குது. நீங்க தொடாம இருந்தீங்கன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொடாமல் இருந்தால் போதும். பத்தொன்பது வருஷம் டன் கணக்கில் இலையைத் தொட்டுப் பார்த்தே சொன்னவனிடம் சொல்கிற வார்த்தையா அது? அவள் தெரு முனை திரும்புவதற்குள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

பாலிதீனுக்கு உள்ளே பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. சில்லென்ற மாவின்மேல் காற்றுப் பட்டால் வியர்க்கும், அவ்வளவுதான். பேக்கரிப் பையனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஆனால் நான் பார்த்தது மாவை அல்ல. மழைக்காலத்தில் ஈரத்தோடு வந்து இறங்கிய இலைச் சாக்கைப் பார்த்தேன். விரலால் தொட்டேன். பிசுக்கென்று இருந்தது. இதை அப்படியே வேகவைத்தால் கூழாகும் என்று நிச்சயமாகத் தோன்றியது. இத்தனை நாள் அவளுக்கு இது தெரியாமல் இருந்ததை நினைத்து எனக்கு இளக்காரமாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது. நான் இல்லாமல் இந்த வேலை உருப்படாது என்று ஆகிவிட்டதே.

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். சலவை வேட்டியை அதன்மேல் இரண்டாக மடித்து விரித்தேன். மடிப்புப் பலகைகளைப் பிரித்து, பூரிக்கட்டையால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினேன். இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டேன். எங்கள் ஊர் வீடுகளில் மின்விசிறி கிடையாது. ஆகவே முறத்தை எடுத்துக் கால்மணி நேரம் வீசினேன். முழு வாட்டம் வேண்டாம், அரை வாட்டம் போதும் என்று நானே தீர்மானித்தேன். ஒன்பதரைக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டேன். மேல்பக்கம் நன்றாக உலர்ந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். பேக்டரி மூடின பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் செய்தித்தாள் படித்தது அன்றைக்குத்தான்.

பத்து மணிக்குமேல் வெயில் எதிர்ச்சரிவைத் தாண்டி எங்கள் ஜன்னலுக்குள் விழும். சித்திரை வெயில். அது எனக்குத் தெரியாததில்லை. வெயில் பட்டால் வாட்டம் சீக்கிரம் முடியும் என்று விட்டுவிட்டேன்.

அவள் பதினொன்றுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மூலைக்குப் போனாள். பிறகு உள்ளறைக்கு வந்து கட்டிலைப் பார்த்தாள். மாவின் ஓரமெல்லாம் அப்பளம் போல விறைத்து மேலே வளைந்திருந்தது. நடுவில் கொழுப்பு இளகி, அடுக்கு இருந்த இடம் தெரியாமல் ஒன்றாகி, என் வேட்டி மஞ்சளாக ஊறியிருந்தது.

"ஈரமா இருந்துச்சு. வாட்டி வெச்சேன்" என்றேன். அந்தக் குரலில் அப்போதும் ஒரு மிதப்பு இருந்தது.

"தொட வேண்டாம்னு சொன்னனேங்க" என்றாள்.

பேக்கரிக்கு ஓடினாள். சீசன் கூட்டம், மாவு முழுவதும் பஃப்ஸாகி விற்றுப்போயிருந்தது. திரும்பி வந்து, விறைத்த ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சேர்த்துத் தண்ணீர் தடவி, சர்க்கரை தூவி, முறுக்கி, ஓவனில் வைத்தாள். மூடியின் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தபடியே நின்றாள். எதுவும் எழும்பவில்லை. தன் கொழுப்பிலேயே பொரிந்து, சர்க்கரை கருகி, கெட்டியாக வந்தது. இருபத்துநான்கும் அப்படித்தான் வந்தன.

"இன்னிக்கு வேண்டாம், நாளைக்குன்னு சொல்லிரலாம்" என்றேன்.

"நாலு மணிக்கு ஆளு வர்றாங்க. வாக்குக் குடுத்திருக்கறனுங்க" என்று டப்பாவில் அடுக்கினாள். ஏற்றத்தில் டப்பாவை நான் தூக்கிக்கொண்டு போனேன். அவளாகக் கேட்கவில்லை, நானாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

பங்களா வராந்தாவில் வெள்ளை மேசைவிரிப்பு, கோப்பைகள், அதில் தொங்குகிற நூல் டீப் பைகள். மேடம் சிரித்த முகமாக வந்தார். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தார்.

"ஓ, சினமன். ஹோம்மேட்தானே?" என்று கேட்டு, கடித்தார்.

கடித்த வாய் அப்படியே ஒரு நொடி நின்றது. சிரிப்பு மாறவில்லை. மேசையிலிருந்து டிஷ்யூ ஒன்றை எடுத்து, வாயை ஒற்றுவது போல ஒற்றி, உள்ளே இருந்ததை அதில் விட்டு, அழகாக மடித்துச் சாசரின் ஓரத்தில் வைத்தார். சத்தமே இல்லை. என்னைப் போல இல்லை, பழகின கை.

"நல்லா ட்ரை பண்ணியிருக்கே. ஆனா கெஸ்ட்டுக்கு வைக்கிற மாதிரி இல்லைம்மா. என்ன ஆச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வராந்தாவின் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தேன். கெடுத்தது நான், அவள் கைப் பக்குவம் இது இல்லை, நாளைக்குக் காலையில் இன்னொரு டப்பா பாருங்கள் என்று சொல்ல மூன்று வாக்கியம் போதும். எதிலும் கருத்துச் சொல்லாமல் விடாதவன் நான். சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அந்த டீப் பை அம்மாளின் முன்னால் நான், பத்தொன்பது வருஷ டீமேக்கர், மாவை வாட்டினேன் என்று சொல்வதா? வாய் திறக்கவில்லை.

என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னைக்கு எனக்குக் கை சரியா வரலீங்க மேடம்" என்றாள்.

"பரவால்லை. இந்த சீசனுக்கு பேக்கரியிலயே சொல்லிக்கறேன். அடுத்த சீசன் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மேடம் உள்ளே போனார். டிஷ்யூவை ஒரு பணியாள் வந்து சாசரோடு எடுத்துப் போனார்.

இறக்கத்தில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா அந்தப் பொம்பளைய? வாயில போட்டதத் துப்பி மடிச்சு வெக்கறா. மூஞ்சிக்கு நேரா" என்றேன்.

"நீங்க பண்ணுனதத்தானுங்க அவங்களும் பண்ணுனாங்க" என்றாள். "அவங்களாவது பேப்பர்ல பண்ணுனாங்க."

டப்பா என் கையில் இருந்தது. வீடு வரும்வரை அதை மற்றக் கைக்கு மாற்றவில்லை.

ஒண்ணாந் தேதிக்கு முந்தின நாள் மலையிறங்கினோம்.

திருப்பூரில் என் வேலை, தைத்து வந்த பனியனைப் பரப்பிப் பார்த்துக் குறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுக்கிற ஊர். நான் அதில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினேன். அவளுக்கு ஒவ்வொரு கோடையிலும் வேர்க்குரு வரும். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டே சமைப்பாள். வட்ட ஓவனை அவள் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. மலையைப் பற்றிப் பேசுவதில்லை. என்னைக் குற்றம் சொன்னதும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வருஷங்கள் போயின. மகனுக்குக் கல்யாணமாகித் தனியாகப் போனான். பிரிட்ஜ் வந்தது. நான் ஓய்வு பெற்ற வருஷம், ஒரு மார்கழியில், அவள் மகன் வீட்டுக்குப் போயிருந்த நாளில், ஓவனை எடுத்துத் துடைத்தேன். இங்கே கடைகளில் இப்போது மாவு உறைந்த பலகையாக அட்டைப் பெட்டியில் கிடைக்கிறது. பெட்டியின்மேல் அதே வார்த்தை, சுலபம். வாங்கினேன். வெளியே வைத்ததும் மாவு வியர்த்தது. தொடவில்லை. பட்டையையும் சர்க்கரையையும் அரைத்துத் தூவினேன், மடித்தேன், வெட்டினேன். முறுக்கும்போது கையில் பிய்ந்துகொண்டு வந்தது. பன்னிரண்டு போட்டதில் ஆறு உருவத்தோடு தேறியது. அனுபவம் தேவையில்லை என்று அச்சடித்தவனைக் கையில் கிடைத்தால் விடக் கூடாது என்று இருந்தது.

சாயங்காலம் அவள் வந்தாள். வாசம் பிடித்து வாசலிலேயே நின்றாள். தட்டில் இரண்டை வைத்து நீட்டினேன்.

"அன்னிக்குப் பங்களாவுல நான் சொல்லியிருக்கோணும்" என்றேன்.

"ஆமாங்க. சொல்லியிருக்கோணும்" என்றாள்.

"இத ஒரு வாய் பாத்துச் சொல்லு."

ஒன்றை எடுத்துக் கடித்தாள். அவசரப்படாமல் மென்றாள். வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு எழுந்து வாஷ்பேசினுக்குப் போய்த் துப்பினாள்.

"பட்டை தூக்கல். அடி வேகல" என்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து காய்கறியை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்தேன். கையால் தள்ளித் தள்ளிக் கழுவிவிட்டேன்.